வண்டி முகாமும் கரிசல் சேறும்

(நம் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில், மதிய அமர்வில் ஆற்றிய உரை. பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம். – மலர்க் குழு)



மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பேசக் கூப்பிடப்பட்டவனுடைய நிலைமை உங்களுக்குத் தெரியும். பாயசம் வேறு இன்றைக்கு இரண்டு வகை. தூங்குகிறவர்கள் தாராளமாகத் தூங்கலாம். ஆனால் டிசம்பர் பயணத்துக்குப் பேர் கொடுத்திருக்கிற பதினாறு பேர் மட்டும் தயவுசெய்து முழித்திருக்கவேண்டும். இந்தப் பேச்சு அவர்களுக்காகத்தான்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் செட்டில் ஏழெட்டுப் பேர் ஓய்வு பெற்ற கையோடு பெரிய வண்டி வாங்கிவிட்டார்கள். ஒருவர் வேனுக்குள்ளேயே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து ஒரு குட்டி வீடாக மாற்றிவிட்டார். கழுகுமலைக்கும் கயத்தாறுக்கும் நடுவில், ஊருக்கு வெளியே, கரண்டு இல்லாத இடமாகப் பார்த்து, மூன்று ராத்திரி வண்டியிலேயே தங்கி நட்சத்திரம் பார்ப்பதாகத் திட்டம். நான்கு வண்டி, பதினாறு பேர். அதில் ஐந்து பேரக்குழந்தைகள். இன்சுலின் போடுகிறவர்கள் மூன்று பேர். இருதய ஆபரேஷன் செய்துகொண்டவர் ஒருவர்.

செயலாளர் என்னிடம், "நீ அந்தப் பக்கத்து மண்ணிலேயே கிடந்தவனாச்சே, ஏதாவது சொல்லேன்" என்றார். உண்மைதான். காற்றாலைக் கோபுரங்களுக்கு அஸ்திவாரம் போடுமுன் மண்ணைத் துளைத்துப் பார்க்கிற வேலையில் இருபது வருஷத்துக்கு மேல் கரிசல் காட்டில் இருந்தேன். லாட்ஜ் என்பது மாதச் சம்பள நாளில் மட்டும். மற்ற நாளெல்லாம் வேனுக்குள் படுக்கை. எங்களுக்கு ஒரு டிரைவர் அண்ணாச்சி இருந்தார். நான் இன்றைக்குச் சொல்லப்போவதில் பாதி நம் கல்லூரி சொல்லித் தந்தது, மீதிப் பாதி அவர் சொல்லித் தந்தது.

முதலிலேயே சாரத்தைச் சொல்லிவிடுகிறேன். சேற்றுக்குத் தயாராவது என்றால் சேற்றிலிருந்து வண்டியை வெளியே எடுக்கக் கருவி வாங்குவது என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். கருவி வேண்டும், அதைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் அது கடைசி வரி. முதல் வரி, முந்தின நாள் சாயங்காலம் வண்டியை எங்கே நிறுத்துகிறோம் என்பது. இரண்டாவது வரி, மழை பெய்துவிட்டால் கிளம்பாமல் அங்கேயே இரண்டு நாள் இருக்க நம்மால் முடியுமா என்பது. இந்த இரண்டும் சரியாக இருந்தால் கருவிப் பெட்டியைத் திறக்காமலே திரும்பி வரலாம்.

மண் என்ன செய்கிறது?

இரண்டாம் வருஷ லேபை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். ஈரமண்ணைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, விரலால் உருட்டி உருட்டி, 3 மில்லிமீட்டர் திரியாக வரும்போது உடைகிறதா பார்த்தோமே, அந்தப் பரிசோதனை. "இதெல்லாம் எங்கே உபயோகப்படப்போகுது?" என்று அன்றைக்குக் கேட்டவர்கள் இங்கேயே நாலைந்து பேர் இருக்கிறீர்கள். மெக்கானிக்கல், எலெக்ட்ரிகல்காரர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். முகாம் போடப்போகிற இடத்தில் ஒரு பிடி மண்ணை எடுங்கள். பாட்டில் தண்ணீர் கொஞ்சம் விட்டுப் பிசைந்து உள்ளங்கையில் உருட்டுங்கள். உதிர்ந்து போனால் மணலோ சரளோ கலந்த மண். மழை பெய்தாலும் பெரும்பாலும் சமாளிக்கலாம். உடையாமல் நூல் மாதிரி நீண்டு, கையில் பசை மாதிரி ஒட்டினால் களி. அந்த இடத்தில் மழைக்காலத்தில் ராத்திரி தங்கவே கூடாது.

கரிசல் இரண்டாவது ரகம். அதில் மாண்ட்மோரில்லோனைட் என்ற களிமக் கனிமம் இருக்கிறது. ஏடு ஏடாக அடுக்கின அமைப்பு. ஏடுகளுக்கு நடுவில் தண்ணீர் புகுந்ததும் மண்ணே உப்பும். காய்ந்தால் சுருங்கும். அதனால்தான் கோடையில் கரிசல் காட்டில் கால் நுழைகிற அளவுக்கு வெடிப்பு விடுகிறது. மழை ஆரம்பித்ததும் தண்ணீர் அந்த வெடிப்பு வழியாகச் சரசரவென்று உள்ளே போகும். பார்க்கிறவர்களுக்கு, "அட, தண்ணியே நிக்கலையே, நல்ல தரைதான்" என்று தோன்றும். கொஞ்ச நேரத்தில் மண் உப்பி வெடிப்பு மூடிக்கொள்ளும். அதற்கப்புறம் விழுகிற தண்ணீருக்குக் கீழே போக வழி கிடையாது. மேலேயே நின்று உளையாகிவிடும். நீங்கள் ஏமாறுவது இந்த இடைவெளியில்தான்.

இன்னொரு குணமும் உண்டு. கரிசல் சேறு வழுக்கும், ஒட்டவும் செய்யும். டயரின் பள்ளங்களை நிரப்பிவிடும். பள்ளம் நிரம்பின டயர் வழுவழுவென்று வாழைத்தண்டு மாதிரி. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் அடைத்துக்கொண்டு சக்கரத்தையே சுற்றவிடாது. மழைக்காலம் வந்தால் சைக்கிள் மட்கார்டையே கழற்றி வீட்டில் வைத்துவிடுகிறவர்களை அங்கே நான் பார்த்திருக்கிறேன். அவ்வளவு அனுபவம் அந்த மண்ணோடு.

ஒரு சின்னக் கணக்கு

சாமான், ஆள் எல்லாம் சேர்த்து உங்கள் வண்டி 2,000 கிலோ என்று வையுங்கள். ஒரு சக்கரத்துக்கு 500 கிலோ. டயரில் காற்று 32 பவுண்டு என்றால், சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.25 கிலோ. அப்படியானால் ஒரு டயர் தரையைத் தொடுகிற பரப்பு ஏறக்குறைய 222 சதுர சென்டிமீட்டர். நாம் ஹாஸ்டலிலிருந்து பணம் கேட்டு வீட்டுக்கு எழுதுவோமே தபால் கார்டு, அது இரண்டுகூட இல்லை. இதே டயரில் காற்றை 18 பவுண்டுக்கு இறக்கினால் பரப்பு சுமார் 394 சதுர சென்டிமீட்டர். மூன்று கார்டு. டயரின் பக்கச்சுவர் விறைப்பை நான் கணக்கில் சேர்க்கவில்லை, பேராசிரியர் மன்னிக்கவேண்டும். ஆனால் சேற்றில் காற்றை ஏன் இறக்குகிறார்கள் என்பது இதிலிருந்து விளங்கிவிடும்.

இப்போது மனுஷன் கணக்கு. 70 கிலோ ஆள் நடக்கும்போது முழு எடையும் ஒரு பாதத்தில். பாதம் ஊன்றுகிற பரப்பு 200 என்றால், அழுத்தம் 0.35 கிலோ. அதாவது வண்டி அழுத்துவது நம்மைவிட ஆறு மடங்கு. அதனால்தான் அண்ணாச்சி சந்தேகமான எந்த இடத்திலும் வண்டியை நிறுத்திவிட்டு முதலில் தான் இறங்கி நடப்பார். திரும்பி வந்து, "சார், நம்ம குதிகாலே உள்ளே போகுது, வண்டி எப்படிப் போகும்?" என்பார். அவருக்கு இந்தக் கணக்கு தெரியாது. விடை தெரியும். ரெண்டு நிமிஷம் நடந்து பார்க்கச் சோம்பல்பட்டு ரெண்டு நாள் மாட்டிக்கொள்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எங்கே நிறுத்துவது?

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே இடத்தைப் பார்த்துவிடவேண்டும். இருட்டினபின் எல்லா மண்ணும் ஒரே நிறம்தான்.

கரிசல் காட்டுக்கு நடுவிலேயே அங்கங்கே செவல் மண்ணும் சரள் மேடும் உண்டு. அதைத் தேடுங்கள். லேசான சரிவு நல்லது, தண்ணீர் ஓடிவிடும். ரொம்பச் சரிவு கூடாது, ஈரத்தில் வண்டி பக்கவாட்டில் வழுக்கும். கண்மாய் உள்வாய், ஓடைப் படுகை, காட்டாற்று மணல் இந்த மூன்றிலும் மழைக்காலத்தில் தங்கவே கூடாது. மணல் மெத்தென்று இருக்கிறதே என்று படுப்பார்கள். மழை நம் தலைக்குமேல் பெய்யவேண்டும் என்று அவசியம் இல்லை, மலையில் பெய்தால் போதும். 2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் போய்விட்டான். கண்மூடித் திறப்பதற்குள் வருகிற தண்ணீர் அது.

இடம் மேடாக இருந்தால் மட்டும் போதாது. அங்கிருந்து தார் ரோடு வரைக்கும் உள்ள பாதையையும் பார்க்கவேண்டும். நடுவில் ஒரே ஒரு ஓடை குறுக்கே போனாலும், மழை பெய்தால் நீங்கள் தீவில்தான் இருக்கிறீர்கள். வண்டியின் முகம் வெளியேறும் பக்கம் பார்த்து நிற்கவேண்டும். நான்கு வண்டியையும் ஒரே பள்ளத்தில் இறக்காதீர்கள். ஒன்றாவது கெட்டித் தரையில் நிற்கவேண்டும், மற்றதை இழுக்க அதுதான் ஆதாரம்.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஒன்று. 108 ஆம்புலன்ஸ் தார் ரோடு வரை வரும். ஈரக் கரிசலுக்குள் அதனால் வர முடியாது. அது டிரைவர் குற்றம் இல்லை, மண்ணின் குணம். நம் கூட்டத்தில் யார் யார் வருகிறார்கள் என்று முதலிலேயே சொன்னேன். ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவருக்கு நெஞ்சு வலித்தால், அவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வர நான்கு பேரால் எவ்வளவு தூரம் முடியும்? நமக்கும் வயது அறுபதைத் தாண்டிவிட்டது. இருநூறு, முந்நூறு மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் முகாம் அந்தத் தூரத்துக்குள்தான் இருக்கவேண்டும். நட்சத்திரம் ரோட்டோரத்திலிருந்து பார்த்தாலும் அதே நட்சத்திரம்தான்.

காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போகவே கூடாது. பட்டா நிலம் என்றால் சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான். கேட்டால் இன்னொரு லாபமும் உண்டு. எந்த இடத்தில் தண்ணீர் நிற்கும், எது காயும் என்று அவர் ஒரு நிமிஷத்தில் காட்டிவிடுவார்.

கிளம்புவதா, இருப்பதா?

மேகம் கறுத்தால் இரண்டில் ஒன்று. முதல் துளி விழுமுன் கெட்டி ரோட்டுக்குப் போய்விடவேண்டும். அல்லது மழை விட்டு, தரை காயும்வரை அசையக் கூடாது. நடுவில் கிளம்புவதுதான் ஆபத்து. அண்ணாச்சி இதை அழகாகச் சொல்வார்: "கரிசல்ல மழை விழுந்துட்டா வண்டியும் ஒரு மரம்தான் சார். நட்ட இடத்துலயே நிக்கணும்."

இதற்கு உலகத்துக்கே தெரிந்த உதாரணம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் நெவாடா மாநிலத்துப் பிளாக் ராக் பாலைவனத்தில், பழங்கால ஏரி வற்றிப்போன தரையில், வருஷா வருஷம் பர்னிங் மேன் என்று ஒரு திருவிழா. தண்ணீர், சாப்பாடு எல்லாம் அவரவர் கொண்டுபோகவேண்டும். 2023 செப்டம்பர் 1-ஆம் தேதி அங்கே மழை. ஒரு அங்குலத்தை ஒட்டிய மழைதான், நம் ஊரில் அதைத் தூறல் என்போம். அந்த ஏரித் தரை அப்படியே பசையாகிவிட்டது. எழுபதாயிரம் பேருக்கு மேல் உள்ளே. வாசலை மூடி, யாரும் வண்டியை எடுக்கக் கூடாது, தண்ணீரையும் சாப்பாட்டையும் எரிபொருளையும் சிக்கனமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று அறிவித்தார்கள். அதை மீறிக் கிளம்பின வண்டிகள் சேற்றில் மாட்டின. காத்திருந்தவர்களுக்கு 4-ஆம் தேதி பிற்பகல் வழி திறந்தது. அடுத்த வேளைக்கு வைத்திருந்தவன் பாட்டுப் பாடிக்கொண்டு இருந்தான், வைத்திருக்காதவன் பக்கத்துக் கூடாரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தான்.

நம் பக்கத்திலேயே பாருங்கள். அதே 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பின ரயிலை ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தினார்கள். அதற்கு மேலே தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியும் மண்ணும் அரித்துப் போயிருந்தது. சுமார் எண்ணூறு பயணிகள். ரயில் நின்றது, அதனால்தான் அத்தனை பேரும் உயிரோடு வீடு போனார்கள். நின்ற பிறகு பசி வந்தது. பக்கத்துக் கிராமத்து ஜனங்கள், தங்களுக்கே வெள்ளம் சூழ்ந்த நேரத்தில், சமைத்துப் போட்டார்கள். நிறுத்தினவர்களுக்கும் கும்பிடு, சோறு போட்டவர்களுக்கும் கும்பிடு. நம்முடைய பாடம் என்னவென்றால், நிற்கிற புத்தி இருந்தால் மட்டும் போதாது, நிற்கிற வசதியும் வேண்டும். நாம் தேடிப்போய்த் தங்குகிறவர்கள். ஊர்க்காரர்களுடைய வெள்ளச் சோற்றில் கை வைக்கிற நிலைமை நமக்கு வரக் கூடாது.

அதனால் மூன்று ராத்திரிப் பயணத்துக்கு ஐந்து நாள் சரக்கு. குடிக்க, சமைக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் தண்ணீர். வண்டிக்கு நாலு பேர், ஐந்து நாள், ஆகமொத்தம் 80 லிட்டர். இருபது லிட்டர் கேன் நான்கு. சாப்பாட்டில் பாதியாவது அடுப்பு மூட்டாமல் சாப்பிடுகிறதாக இருக்கட்டும். அவல், பொரிகடலை, பேரீச்சம்பழம். போகிற வழியில் சாத்தூர் சேவும் கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் வாங்கிக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. சர்க்கரைக்காரர்கள் மட்டும் கடலைமிட்டாயில் அளவோடு இருக்கவேண்டும்! மாத்திரை, இன்சுலின் ஒரு வாரத்துக்கு. இன்சுலினைச் சூடு ஏறாமல் பாதுகாக்கவேண்டும், குளிர்ப்பெட்டியில் ஐஸ் மேலே நேராகப் படவும் கூடாது. டீசல் தொட்டி பாதிக்குக் கீழே இறங்கவேண்டாம்.

விளக்கு, குளிர்ப்பெட்டி, போன் சார்ஜ் எல்லாவற்றையும் வண்டி ஸ்டார்ட் ஆகிற பேட்டரியிலேயே மாட்டாதீர்கள். அது இறங்கிவிட்டால், சேற்றில் தள்ளி ஸ்டார்ட் செய்யவும் முடியாது. தனிப் பேட்டரி வையுங்கள். எந்த இடத்தில் இருக்கிறோம், எப்போது திரும்புவோம் என்று சங்கத்தில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

வண்டிக்குள் இருப்பு

மழையில் இரண்டு நாள் வண்டிக்குள் இருப்பதென்றால், சேற்றை உள்ளே விடாமல் இருப்பது பாதி நிம்மதி. ஒரே ஒரு கதவுதான் புழக்கத்துக்கு. அதன் வெளியே தார்ப்பாய் இழுத்துக் கட்டி, கீழே ஒரு பிளாஸ்டிக் தட்டும் நாலு சாக்கும். செருப்பு அந்தத் தட்டோடு சரி. மறுபடி போடுமுன் கவிழ்த்துத் தட்டவேண்டும், மழையில் தேளும் பூரானும் மேட்டைத் தேடி வரும். பாம்பும் வரும், ராத்திரி டார்ச் இல்லாமல் கால் வைக்காதீர்கள்.

சேற்றுப்புண் என்று நம் பாஷையிலேயே பேர் இருக்கிறது பாருங்கள். விரல் இடுக்கு ஈரமாகவே இருந்தால் வந்துவிடும். தூங்கும்போது கால் உலர்ந்திருக்கவேண்டும், அதற்கு என்றே ஒரு ஜோடிக் காலுறையைத் தனியாகக் கட்டி வையுங்கள். கால் காயத்தோடு தேங்கின தண்ணீரில் இறங்கினால் எலிக்காய்ச்சல் வரலாம். திரும்பி வந்தபின் காய்ச்சல் கண்டால், சேற்றில் இருந்தோம் என்பதை டாக்டரிடம் சொல்லவேண்டும்.

இடி மின்னல் என்றால் பனைமரத்தடியும் வேண்டாம், தார்ப்பாய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் வேண்டாம். தகரக் கூரை உள்ள வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்காருவதுதான் பத்திரம்.

இன்னொன்றை நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்லப்போகிறேன். ஏ.சி.க்காக எஞ்சினை ஓடவிட்டுத் தூங்காதீர்கள். சேற்றில் இறங்கின வண்டியின் புகைக்குழாய் அடைபட்டால் புகை கீழிருந்து உள்ளே வரும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. 2024 டிசம்பரில் கேரளத்தில் வடகரை பக்கம், ரோட்டோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் தூக்கத்திலேயே போய்விட்டார்கள். ஜெனரேட்டர் புகைதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. மூடின வண்டிக்குள் அடுப்பும் கூடாது, கரியும் கூடாது. கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிவிட்டுப் படுங்கள்.

அப்படியும் மாட்டினால்

முதலில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். சக்கரம் சுற்றச் சுற்றத் தனக்குத்தானே குழி தோண்டும். போர் வீல் டிரைவ் வண்டி கிளம்ப உதவும், நிற்க உதவாது. பிரேக்கு எல்லா வண்டிக்கும் ஒன்றுதான்.

இறங்கிப் பாருங்கள். வந்த தடம் கெட்டியாகத்தான் இருக்கும், பெரும்பாலும் பின்னால் போவதே நல்லது. மம்பட்டியால் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் சரிவாக வெட்டி, வண்டியின் வயிற்றில் முட்டுகிற மண்ணையும் எடுங்கள். காற்றை 18, 20 பவுண்டுக்கு இறக்குங்கள். பதினைந்துக்குக் கீழே போனால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். சக்கரத்துக்கு அடியில் அதற்கென்று விற்கிற பலகையோ, சாக்கும் சரளுமோ கொடுத்து, மெதுவாக, ஒரே சீராக எடுங்கள். பலகைக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது, அது பறக்கும். ஜாக்கி வைக்கவேண்டுமானால் அடியில் ஒரு சதுர அடி கெட்டிப் பலகை வேண்டும், இல்லாவிட்டால் வண்டி ஏறாது, ஜாக்கிதான் இறங்கும். ஜாக்கியில் நிற்கிற வண்டிக்கு அடியில் எந்தக் காரணத்துக்கும் படுக்காதீர்கள். வெளியே வந்தபின் காற்று மறுபடி நிரப்பும்வரை மெதுவாகத்தான் ஓட்டவேண்டும். அதனால் பன்னிரண்டு வோல்ட் காற்றுப் பம்பு ஒன்று அவசியம்.

கயிறு கட்டி இழுப்பதுதான் எல்லாவற்றிலும் அபாயம். சங்கிலியைப் போட்டு வெடுக்கென்று இழுக்கிறார்கள். டிரெய்லர் மாட்டுகிற உருண்டையில் கயிற்றை மாட்டுகிறார்கள். அந்த உருண்டை இந்த மாதிரி இழுப்புக்குச் செய்தது அல்ல. உடைந்தால் பீரங்கிக் குண்டு. ஆஸ்திரேலியாவில் இப்படி உயிர்களே போயிருக்கின்றன. வண்டியின் சட்டத்தில் இழுப்பதற்கென்று வைத்த கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். கயிற்றின் நடுவில் ஈரப் போர்வை ஒன்றைப் போடுங்கள், அறுந்தால் வேகம் குறையும். டிரைவர்களைத் தவிர எல்லாரும் கயிற்று நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி நிற்கவேண்டும். குழந்தைகள் அதற்கும் அப்பால்.

டிராக்டர்காரர் வந்தால் அவர் சொன்னபடி கேளுங்கள். பேரம் பேசாதீர்கள். உழவு நேரத்தில் தன் வேலையை விட்டுவிட்டு வருகிறார்.

பாதை யாருடையது?

இதைச் சொல்லாமல் இறங்க மனசு வரவில்லை. ஒரு மழைக்காலத்தில் வெளியூர் வண்டி இரண்டு, ஊர்க்காரர்கள் சொல்லச் சொல்லக் கேட்காமல், ஈர வண்டிப்பாதையில் ஏறி உறுமிக்கொண்டு போயின. விளையாட்டுதான் அவர்களுக்கு. முழங்கால் ஆழத்துக்குத் தடம் விழுந்தது. அவர்கள் மறுநாளே போய்விட்டார்கள். தடத்தில் தண்ணீர் நின்றது. பால் எடுக்கிற வண்டி உள்ளே வரமுடியாமல், கறந்த பாலைத் தலைச்சுமையாக ரோட்டுக்குக் கொண்டுவந்ததை நாங்கள் பார்த்தோம். வெயில் வந்து அந்தத் தடம் காய்ந்து கல்லானபிறகு மாட்டு வண்டியும் அதில் போகமுடியவில்லை. நாம் காத்திருப்பது நம் பத்திரத்துக்காக மட்டும் அல்ல. அந்தப் பாதை அவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகிற வழி, பிரசவத்துக்குப் போகிற வழி. தவறித் தடம் விழுந்துவிட்டால் மம்பட்டி எடுத்து மூடிவிட்டுத்தான் வரவேண்டும்.

வீடு வந்ததும் வண்டியைக் கழுவும்போது வெளிப்பக்கம் மட்டும் பளபளவென்று செய்யாதீர்கள். ரிம்மின் உள்பக்கம், பிரேக்கு, ரேடியேட்டர் இங்கெல்லாம் தண்ணீர் அடிக்கவேண்டும். ரிம்முக்குள் காய்ந்த கரிசல் ஒரு பக்கமாக ஒட்டியிருந்தால் நாற்கர ரோட்டில் வேகம் எடுத்ததும் ஸ்டியரிங் ஆடும். எதோ பெரிய கோளாறு என்று பயந்து பணத்தைத் தொலைப்பீர்கள்.

முடிக்கிறேன். டிசம்பர் பயணத்தைப் பற்றி என் யோசனை இதுதான். தமிழ்நாட்டு மழையில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவத்தில், அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. மாசி மாசத்தில் அதே கரிசல் கெட்டியாக இருக்கும், வானமும் தெளிவாக இருக்கும். பயணத்தை மாசிக்குத் தள்ளிப்போடுங்கள். பேரக்குழந்தைகளுக்கு அப்போது லீவு இல்லை என்பீர்கள், நியாயம்தான். டிசம்பர்தான் என்றால், தார் ரோட்டிலிருந்து இருநூறு மீட்டருக்குள் ஒரு சரள் மேடு, ஐந்து நாள் சரக்கு, மழை வந்தால் யாரும் சாவியைத் தொடுவதில்லை என்று பதினாறு பேரும் இப்போதே ஒப்புக்கொள்ளவேண்டும். அங்கே போய் வாக்குவாதம் செய்ய நேரம் இருக்காது. தேநீர் இடைவேளையில் கைதூக்கி முடிவு செய்வோம் என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். இடத்தை முன்கூட்டியே போய் நடந்து பார்த்து, மண்ணை உருட்டிப் பார்த்துவிட்டு வர நான் தயார். கூட வருகிறவர்கள் என்னிடம் பேர் கொடுக்கலாம்.